வாய்ப்பாட்டுப் பயிற்சியும் பூட்டிய கணினி அறையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்தொலைபேசியும் கணினியும் வந்ததனாலேயே நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வராமற் போயிற்று என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவருடைய கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அவர் பழி சுமத்திய அதே கருவியை, பார்த்துத் தெரிந்தெடுத்த நிரலோடு நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பிள்ளையிடம் கொடுத்தால் அக்குறை தீர்வதைக் கடந்த எட்டு மாதங்களாக என் வீட்டு விறாந்தையில் கண்டு வருவதால் இதனை எழுதுகின்றேன்.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த பிள்ளைகள் நால்வர் மாலையில் வருவார்கள். அவர்களுள் நான்காம் தரத்தில் படிக்கும் சிறுமி ஏழாம் வாய்ப்பாட்டை ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு’ என்று தொடங்கி எழுபது வரை ஒரே மூச்சில் ஒப்புவிப்பாள். ஒரு நாள் வரிசையை விட்டு, “ஏழெட்டு எவ்வளவு?” என்று மட்டும் கேட்டேன். அவள் கண்ணை மேலே உயர்த்தி, உதட்டை மெல்ல அசைத்து, ஓரேழிலிருந்து படிப்படியாக ஏறி வந்து ஐம்பத்தாறு என்றாள். “எட்டேழு?” என்றதும் அதே ஏற்றத்தை எட்டாம் வாய்ப்பாட்டில் புதிதாகத் தொடங்கினாள். இரண்டு விடையும் சரியே. பரீட்சைத் தாளில் இரண்டுக்கும் புள்ளி கிடைக்கும். ஆயினும் அவளுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு. பாட்டின் நடு அடியைக் கேட்டால் முதலடியிலிருந்து பாடித்தானே ஆகவேண்டும்?

இதனால் வரும் கெடுதி பெரிய கணக்குகளில்தான் வெளிப்படும். 47ஐ 6ஆல் பெருக்கும் பிள்ளை ஆறேழு நாற்பத்திரண்டு என்று கண்டு, 2ஐ எழுதி, 4ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆறு நான்கு இருபத்துநான்கு என்று கண்டு அந்த 4ஐக் கூட்ட வேண்டும். ஆறு நான்கைக் கண்டுபிடிக்கவே ஆறாம் வாய்ப்பாட்டின் அடியிலிருந்து ஏறும் பிள்ளைக்கு மனதில் வைத்த 4 வழியிலேயே நழுவிவிடுகின்றது. 282 வரவேண்டிய இடத்தில் 242 வருகின்றது. கொப்பியைத் திருத்தும் ஆசிரியர் ‘பெருக்கல் விளங்கவில்லை’ என்று எழுதுகின்றார். பெருக்கல் அப்பிள்ளைக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு அளவு உண்டு. அடிப்படை எண் இணைகள் நினைத்தவுடன் வராவிட்டால் அந்த இடம் முழுவதையும் அவையே அடைத்துக்கொள்கின்றன. ஏழாம் எட்டாம் தரங்களில் பின்னங்களைச் சுருக்கத் திணறிய எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் இருந்த நோய் மூன்றாம் தரத்து நோய் என்பதை நான் காலம் பிந்தியே உணர்ந்தேன்.

சுமையை எண்ணிப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதுமன்று. ஒன்றிலிருந்து பத்து வரை பெருக்கல் வாய்ப்பாட்டில் 100 விடைகள் உள்ளன. ஒன்றையும் பத்தையும் கழித்தால் 64. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்று பிள்ளை கண்டுகொண்டால் 36. இரண்டாம், ஐந்தாம் வாய்ப்பாடுகள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடுவதால் உண்மையில் உழைக்க வேண்டியவை 21 மட்டுமே. அந்த இருபத்தொன்றிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடறுபவை வேறு வேறு. எவை இடறுகின்றன என்பதைத்தான் கூட்டமாக ஒப்புவிக்கும் வகுப்பில் யாராலும் அறிய முடிவதில்லை.

கணினி தொழில் தெரிந்த என் மருமகன் இதற்காகச் சிறிய நிரல் ஒன்றை எழுதித் தந்தான். அது கேள்விகளை வரிசை குலைத்துக் கேட்கும். பிள்ளை விடையை விசைப்பலகையில் தானே தட்ட வேண்டும். எத்தனை செக்கன் சென்றது என்பதைத் திரையில் காட்டாமல் பதிந்து வைக்கும். பிழைத்தால் சரியான விடையை உடனே காட்டி, வேறு மூன்று கேள்விகளின் பின் அதையே திரும்பக் கேட்கும், பிறகு ஏழு கேள்விகள் கழித்து, பிறகு மறுநாள். முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் மந்தமாகத் தெரிந்தார்கள். காரணம் கணக்கன்று, விசைகளைத் தேடியமை. ஆகவே கணக்கு எதுவுமின்றித் திரையில் தோன்றும் எண்ணை அப்படியே தட்டும் சோதனை ஒன்றை முதலில் வைத்து, அதற்குச் செல்லும் நேரத்தைக் கழித்துக்கொண்டோம். அச்சிறுமிக்கு அது ஏறத்தாழ இரண்டு செக்கன்.

அவளுடைய பதிவைப் பத்தாம் நாள் பார்த்தேன். பெரும்பாலான விடைகள் உடனே வந்திருந்தன. தடக்கியவை ஒன்பது மட்டுமே. அவற்றிலும் ஆறொன்பதுக்கு 56 என்றும் ஏழெட்டுக்கு 54 என்றும் திரும்பத் திரும்பத் தட்டியிருந்தாள். இரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று குடியேறியிருந்தன. அதைக் காட்டியபோது அவளே சிரித்துக்கொண்டு, “ஓம் சேர், அது ரெண்டும் எனக்கு எப்பவும் குழம்புது” என்றாள். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு பிள்ளையைப் பற்றியேனும் இவ்வளவு துல்லியமான விபரம் என் கையில் இருந்ததில்லை என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

எல்லா நிரலும் இப்படியல்ல என்பதால் வாசகரின் கோபத்திலும் நியாயம் இருக்கின்றது. கைத்தொலைபேசியில் கணக்கு விளையாட்டு என்ற பெயரில் கிடைப்பவற்றுள் நான் பார்த்த பலவும் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்பவை. அவ்விறாந்தைக்கு வரும் பையன் ஒருவன் அத்தகைய ஒன்றில் நாற்பது நட்சத்திரங்கள் வென்றதாகப் பெருமையோடு காட்டினான். பக்கத்தில் இருந்து பார்த்தேன்: பிழையான விடைக்குத் தண்டனை எதுவும் இல்லாததால் நான்கையும் மாறி மாறித் தொட்டு, பச்சை நிறம் வந்ததும் அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தான். இடையிடையே விளம்பரம் வேறு. விடையை நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் முயற்சியே நினைவைப் பலப்படுத்துகின்றது. கண்முன் கிடக்கும் விடையைச் சுட்டுவதில் அம்முயற்சி குறைவு, குருட்டாம்போக்கில் தொடுவதில் அறவே இல்லை. இன்னொரு வகை, திரையின் மூலையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்து பிள்ளையைப் பதறவைப்பது. வேகம் அளக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அளப்பது பிள்ளைக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பதற்றத்தில் தெரிந்ததும் மறந்துபோகும் என்பதை மேடையில் பேச்சுப்போட்டிக்கு ஏறிய எவரும் அறிவர்.

இலவசமாகக் கிடைப்பவற்றுள் நல்லவையும் உண்டு. டக்ஸ்மத் என்ற திறந்த மூல விளையாட்டில் வானிலிருந்து வால்வெள்ளிகள் கணக்குகளைச் சுமந்து விழும்; அவை பெங்குவின்களின் பனிக்குடில்களில் மோதுவதற்கு முன் விடையைத் தட்ட வேண்டும். பழைய கணினியிலும் ஓடும், இணையம் தேவையில்லை, எண்களைத் தட்டினாற் போதும் என்பதால் மொழியும் தடையன்று. நேரம் அதில் கண்ணுக்குத் தெரிகின்றது என்பது ஒரு குறை. ஆயினும் எந்தக் கணக்குகள் வேண்டும், எவ்வளவு வேகமாக விழவேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

இது புதுமோகமும் அன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பற்றிக் சப்பிஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1960களிலேயே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வகைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். அன்று திரைகூட இல்லை. பாடசாலையில் இருந்த தட்டச்சுப் பொறி தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகக் கணினியோடு தொடுக்கப்பட்டிருந்தது. கணக்கு கடதாசியில் அச்சாகும், பிள்ளை விடையைத் தட்டும், சரியா பிழையா என்பது உடனே தெரியும், பெற்ற புள்ளிக்கேற்ப அடுத்த பயிற்சியின் கடினம் கூடும் அல்லது குறையும். அதற்கும் மிக முன்பு நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூல் இருந்தது. முழு எண்களோடு நில்லாமல் மா, காணி என்ற பின்னங்களுக்கும் இறங்கி, ஒன்றை 320 பங்காக்கிய முந்திரி வரை மனனம் செய்வித்தவர்கள் நம் முன்னோர். கூட்டமாக ஓதிய அந்த ஓசையை நான் இகழவில்லை. பிள்ளைக்கு முதற்படி அதுவே. அந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றோம் என்பதே என் மனக்குறை.

கணினியால் செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ஆறைந்து முப்பது என்பதன் பொருளை அது கற்பிக்காது. சந்தைக் கடையில் அடுக்கியிருக்கும் முட்டைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று எண்ணவைத்து, பிறகு தட்டைத் திருப்பி ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு என்று காட்டினால் ஒரு நிமிடத்தில் அது விளங்கிவிடும். எந்த நிரலும் அதற்கு ஈடாகாது. அவ்விளக்கம் கிடைத்த பின்பே பயிற்சி வரவேண்டும். எட்டும் ஐந்தும் எத்தனை என்பதற்குப் பிள்ளை விரலை எண்ணினதா, எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி மீதி மூன்றைக் கூட்டினதா என்பதும் நிரலுக்குத் தெரியாது. அதற்கு நேரம் மட்டுமே தெரியும். பக்கத்தில் இருந்து விரலைப் பார்க்கப் பெரியவர் ஒருவர் வேண்டும்.

இனி, இதை எழுதத் தூண்டிய மனக்குறைக்கு வருகின்றேன். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பன்னிரண்டு கணினிகள் துணிபோட்டு மூடப்பட்டிருக்கின்றன. உயர்வகுப்பு மாணவர்களின் பாடவேளை தவிர்ந்த நேரமெல்லாம் அந்த அறை பூட்டிக் கிடக்கின்றது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை ஏன் விடுவதில்லை என்று கேட்டதற்கு, “சின்னனுகள் உடைச்சுப்போடுங்கள்” என்பதே பதில். முப்பத்தாறு பிள்ளைகள் உள்ள வகுப்பை மூன்று அணியாக்கினால் தலைக்குப் பத்து நிமிடம் வீதம் அரை மணித்தியாலத்தில் எல்லோரும் பயிற்சி செய்துவிடலாம். ஆறு செக்கனுக்கு ஒரு கேள்வி என்றாலும் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை நூறு கேள்விகளைச் சந்திக்கும். வகுப்பில் ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டால் அதே பத்து நிமிடத்தில் ஒருவருக்கு இரண்டு கேள்வி கிடைப்பதே பெரிது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பெற்றோர் தனியார் வகுப்புகளுக்குக் கொட்டும் பணத்தை நினைத்தால், இருக்கின்ற கதவைத் திறப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் அவ்வறையை மூன்றாம், நான்காம் தரங்களுக்கு ஒதுக்குமாறு மாவட்டத்தின் வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு சுற்றுநிருபம் அனுப்பினால் போதும். உயர்தரத்தில் பைதன் நிரல்மொழி படிக்கும் மாணவர்களிடம் விட்டால், இப்படியொரு நிரலைச் செயற்றிட்டமாகவே எழுதித் தருவார்கள்.

குச்சவெளிப் பக்கத்திலும் மூதூருக்கு அப்பாலும் கணினி அறையே இல்லாத சிறு பாடசாலைகளை நான் மறக்கவில்லை. அவர்கள் 1972இல் செபஸ்தியான் லைட்னர் என்ற ஜேர்மானியர் விளக்கிய அட்டைப்பெட்டி முறையைக் கைக்கொள்ளலாம். ஓர் அட்டைக்கு ஒரு கணக்கு, பின்புறம் விடை; சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், பிழைத்தது முதற்பெட்டிக்குத் திரும்பும்; முதற்பெட்டியை நாளும், மற்றவற்றை நாட்கள் விட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். நேரத்தை அளக்க முடியாது என்பதொன்றே குறை. பழைய சப்பாத்துப் பெட்டிகளே போதும்.

மருமகன் எழுதிய நிரலை எந்தப் பாடசாலை கேட்டாலும் பென் டிரைவில் பதிந்து கொடுக்கவும், முதல் வாரம் உடனிருந்து காட்டவும் ஆயத்தமாக இருக்கின்றேன். மேற்சொன்ன சிறுமிக்கு இப்போது ஏழெட்டு உடனே வருகின்றது. ஆறொன்பதுக்கு மட்டும் இன்னமும் நான்கு செக்கன் செல்கின்றது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.