அதிர்வில் கழன்ற கனெக்டர்கள் குறித்து நான்காவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

பெங்களூரு பீன்யாவில் அதிர்வுச் சல்லடை இயந்திரங்கள் செய்து விற்றுப் பிழைப்பவன் நான். "தொடர் அதிர்வுக்கு உகந்தவை" என்று உங்கள் பொருட்பட்டியலில் அச்சிட்டிருந்ததை நம்பி, மின்கம்பிகளை ஸ்க்ரூவால் இறுக்கி இணைக்கும் கனெக்டர்கள் 150 வாங்கினேன். மூன்றே வாரத்தில் ஸ்க்ரூக்கள் தளர்ந்து, இரண்டு இயந்திரங்களில் இணைப்புகள் சூடேறிக் கருகிவிட்டன.

மாற்றித் தருவார்கள் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, கருகிய கனெக்டர்களை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பொம்மசந்திராவில் உள்ள உங்கள் அலுவலகம் வரை வந்தேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்த பிறகு, "ஸ்க்ரூ முறுக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பையைத் திறந்துகூடப் பார்க்காமல் உங்கள் ஊழியர் திருப்பி அனுப்பினார். என் மகன் வயதுடையவர், என்னுடன் வந்த என் பணியாளர்கள் முன்னிலையில் அப்படிப் பேசினார்.

அதற்கு முன்பே, கம்பி முனையில் ஈயம் உருக்கி வைத்து (சால்டர் செய்து) இறுக்கும்படி தொலைபேசியில் ஆலோசனை சொன்னவரும் உங்கள் ஆள்தான். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இடம் விடும் என்பதும், ஈயம் ஏறி விறைத்த இடத்தின் ஓரத்தில்தான் அதிர்வில் கம்பியின் இழைகள் முறியும் என்பதும் கனெக்டர் தயாரிப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டார் நொடிக்கு 24 முறை குலுக்கும் இடத்தில், ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயைப் போட்டு கிரிம்ப் செய்த (கருவியால் நசுக்கி இறுக்கிய) கம்பி முனையை விடாமல் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் வகைதான் வேண்டும் என்று வாங்கும்போதே ஒருவர் சொல்லியிருந்தால், பதினெட்டு ஆண்டுகளாகச் சேர்த்த என் நற்பெயர் முழுவதும் இப்படி அழிந்திருக்காது. கேபிளின் பாரம் முனையை இழுக்காதபடி அருகிலேயே கிளாம்ப் போட்டிருந்ததற்குப் புகைப்படங்கள் அனுப்பியும் பதில் இல்லை.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. ஆகவே முழுத் தொகையையும் திருப்பித் தருமாறும், அல்லது ஸ்பிரிங் வகையாக மாற்றித் தருமாறும், ஐ.இ.சி. 60068-2-6 என்ற சர்வதேசத் தர முறைப்படி அதிர்வுச் சோதனை செய்த அறிக்கை இருந்தால் அதன் நகலை அனுப்புமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. கருகிய கனெக்டர்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இம்முறை உங்கள் ஆள்தான் பீன்யாவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்