லீட்ஸிலிருந்து தம்பிக்கு: கூட ஓட ஆள் கிடைக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் இங்கே வந்ததும் கூட ஓட யாராவது கிடைப்பார்களா என்று கேட்டிருந்தாய். கிடைப்பார்கள். ஆனால் நம்மூர் மாதிரி பக்கத்து வீட்டு வாசலில் நின்று "வாக்கிங் வர்றீங்களா?" என்று குரல் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. எதிரே பார்த்தால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, அதோடு சரி. அதனால் ஆளைத் தேடாதே. ஆட்கள் தவறாமல் கூடும் இடத்துக்குப் போ.

அப்படி ஒன்று பார்க்ரன், பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடும் வாராந்தர ஓட்டம். சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. 2004-இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது, 2007-இல் இங்கே வுட்ஹவுஸ் மூர் பூங்காவுக்கும் வந்துவிட்டது. உன் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகலாம். இணையத்தில் ஒருமுறை பதிந்தால் பார்கோடு தருவார்கள். குளிரில் ஃபோன் திடீரென்று அணைந்துவிடும், ஒரு தாளிலும் அச்சடித்து வைத்துக்கொள். ஓடி முடித்ததும் எத்தனையாவதாக வந்தாய் என்று குறிக்கும் ஒரு டோக்கனைக் கையில் தருவார்கள். பார்கோடு, டோக்கன் இரண்டையும் ஸ்கேன் செய்தபின் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிடு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாக வருவோமே என்ற கூச்சமும் வேண்டாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு.

ஓடிவிட்டு நேரே வீட்டுக்குப் போனால் ஒருவரும் பழக்கமாக மாட்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஓடாமல் தன்னார்வலராக நில். பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கு. ஒவ்வொருவராக உன் முன்னால் வந்து நின்றுதான் ஆகவேண்டும். உன் வேகத்தில் ஓடுகிறவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பக்கத்து கஃபேக்குப் போவார்கள், நீயும் போ.

வேகம் ஒத்துப்போவதுதான் முக்கியம். ஜோடி சேர்ந்தவர்கள் பிரிவது பெரும்பாலும் இதனால்தான்: ஒருவருக்கு இளைப்பாறலாக இருக்கும் ஓட்டம் மற்றவருக்குப் பந்தயமாகிவிடுகிறது. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகத்தைக் குறை. இருவரைவிட மூவர் நல்லது, ஒருவர் வராவிட்டாலும் ஓட்டம் நிற்காது. வாட்ஸ்அப்பில் காலையில் "வர்றியா?" என்று கேட்காதே. அந்தக் கேள்வியே வராமல் இருக்க வழி காட்டிவிடும். நாளும் நேரமும் இடமும் நிலையாக இருக்கட்டும். வராதவர் மட்டும் முந்தைய இரவே சொல்லட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், குளிரில் சும்மா நின்றால் நடுங்கும்.

உனக்கு ஓடியே பழக்கமில்லாததால் முதலில் 'கவுச் டு 5கே' செயலியை ஃபோனில் போட்டுக்கொள், புதியவர்களை 5 கிலோமீட்டர் ஓடப் படிப்படியாகப் பழக்கும். ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. முதல் வாரம் 5 நிமிட வேகநடை, பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, இப்படி 20 நிமிடம். ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது நாள் நடையே இல்லாமல் 20 நிமிட ஓட்டம் வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். கூட ஒருவர் கட்டாயம் வேண்டிய நாள் அதுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலித்தால் தாங்கிக்கொண்டு ஓடாதே. சில நாள் விட்டுவிட்டு முந்தைய வாரத்தைத் திரும்பச் செய்.

டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வார நாள் ஓட்டத்துக்குத் தெருவிளக்கு உள்ள பாதையும் பளிச்சென்ற மேல்சட்டையும் வேண்டும். தரை உறைந்திருந்தால் பார்க்ரனையே ரத்து செய்வார்கள், கிளம்புமுன் அவர்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடு.

பருத்தி பனியனில் ஓடாதே, நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரும். ஸ்போர்ட்ஸ் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் சட்டை இரண்டு எடுத்து வா. ஷூவைக் கனமான சாக்ஸோடு போட்டுப் பார்த்து, கால் பெருவிரலுக்கு முன் கைக் கட்டைவிரல் அகலம் இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஊரிலேயே ரெண்டு வாரம் அதில் நடந்து பழக்கிவிடு.

அன்புடன்,
அக்கா