இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ் மொழித்தினப் போட்டிகளில் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்குபற்றினார்கள். தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நன்றாகத் தயாராகிறார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, மனதில் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குச் சொந்த ஊர் நுவரெலியா, பதுளைப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் திருவிழா என்றால் போகத்தான் வேண்டும். அம்மாயியைப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் மூன்று நாள் என்று சொல்லிப் போன பிள்ளை மூன்று வாரம் கழித்து வருகிறது. பின்னம் நடக்கும்போது போன ஒரு சிறுமி, வகுப்பு தசமத்துக்குப் போன பிறகுதான் வந்தாள். கொப்பியைத் திறந்து வைத்து, பென்சிலைக் கடித்தபடி, பக்கத்துப் பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதல் நியமனம் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, நடுவே ஒரு தட்டிகூடக் கிடையாது. தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளைகள் தேயிலை மலை இறங்கி, அட்டைக்கடியோடு வருவார்கள். அடைமழை என்றால் ஆசிரியர்களாலேயே வந்துசேர முடியாது. சில சுற்றறிக்கைகள் சிங்களத்தில் மட்டும் வரும். வாசித்துச் சொல்லத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவைத் தேடிப் போவோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்புறமும் உயர்தர வகுப்பில் கணிதம், விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க எத்தனையோ பிள்ளைகள் ஊரைவிட்டு வரவேண்டியிருந்தது. இந்தக் கஷ்டமெல்லாம் தெரிந்துதானே நீங்களும் கொழும்பில் வாடகை கட்டிப் படிக்கவைக்கிறீர்கள்?

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லாமல் தவணைக்குள் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போகக் கூடாது. திரும்பி வந்த பிறகு எடுக்கும் மெடிக்கல் சான்றிதழை ஏற்கமாட்டோம். உயர்தரப் பிள்ளைகளுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற முடியாது. அதில் என்னால் ஒன்றும் செய்ய இயலாது.

சாவு வீடு, மண்சரிவு என்றால் அது வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும்போது அவசரப்பட்டுப் புறப்படவே வேண்டாம். ஒரு போன் கோல் எடுத்துச் சொன்னால் போதும். பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். வந்ததும் ஆசிரியர்கள் பின்னேரம் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

போன மாதம் ஒரு அப்பா இரவு பஸ்ஸில் வந்து, விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, மகனை நேரே வகுப்பில் கொண்டுவந்து விட்டார். அவன் சப்பாத்தில் ஊர் மண் இன்னும் காயவில்லை. அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்