சீன வைத்தியமும் உன் கணுக்காலும்

அன்பு மகளே,

கணுக்கால் மறுபடியும் பிசகிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. அணித் தோழி சொன்ன சீன வைத்தியத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் பார். ஆனால் தோலுக்கு வெளியே செய்வது வேறு, வாய்க்குள் போவது வேறு. முதலாவதில் எனக்குப் பெரிய பயம் இல்லை.

மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் நாள்பட்ட வலியை ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கணுக்கால் பிசகை அது குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தோள், மார்புப் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுவிடும் அபாயம் உண்டு. கணுக்காலில் அந்தக் கவலை இல்லை. பயிற்சி பெற்றவர்தானா, ஊசியை உன் கண்முன் புது உறையிலிருந்து எடுக்கிறாரா என்று மட்டும் பார். தோலில் கிண்ணங்களைக் கவிழ்த்து உறிஞ்சவைக்கும் கப்பிங்கிலும் எனக்குப் பெரிய பயம் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டங்கள், உறிஞ்சலில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து வந்த கன்றல்கள். இதமாக இருந்தால் செய்துகொள்.

குங்ஃபூ பயிற்சிக்கூடங்களில் அடிபட்ட இடத்தில் தேய்க்கும் மூலிகைச் சாராயத் தைலத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சில வகைகளில் வசநாபி என்ற நச்சுச்செடியின் இனத்துக் கிழங்கு சேர்கிறது. அந்த நஞ்சு உடலுக்குள் போனால் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். சிராய்ப்பு இருக்கும் காலில் தேய்க்காதே, ஒரு துளிகூட வாயில் படக்கூடாது.

இனி மாத்திரை, கஷாயம். இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கப்போகிறேன். மூலிகை என்பதால் ஏளனம் செய்யவில்லை. பழைய சீன மருத்துவ நூல்களில் இருந்த ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டெடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அவர் அதில் எது வேலை செய்கிறது என்று பிரித்தெடுத்து, சோதித்துக் காட்டினார். உன் தோழி கொடுத்த யுன்னான் பாய்யாவ் 1902இலிருந்து புழக்கத்தில் இருக்கும் பெயர்பெற்ற மருந்துதான். அதன் செய்முறையைச் சீன அரசு ரகசியமாகக் காக்கிறது. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட நீ, உள்ளே என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரியாத ஒன்றை எப்படி விழுங்குவாய்? மா ஹுவாங் என்ற சீன மூலிகையில் எஃபெட்ரின் என்ற ஊக்கப்பொருள் இருக்கிறது. போட்டியின்போது சிறுநீரில் அது அளவு தாண்டினால் விதிமீறல். 2011 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் வட கொரிய வீராங்கனைகள் ஐந்து பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். கஸ்தூரி மான் சுரப்பி சேர்ந்த பாரம்பரிய மருந்துதான் காரணம் என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். அந்த விளக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை; அடுத்த 2015 உலகக் கோப்பைக்கும் அந்த அணிக்குத் தடை விழுந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஊசியோ தைலமோ வலியைத் தணித்ததும் நீ ஓட ஆரம்பித்துவிடுவாய். ஒருமுறை பிசகிய கணுக்காலில் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் லிகமென்ட் என்ற நார் தளர்ந்துபோகும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணரும் திறனும் மழுங்கும். மறுபடி மறுபடி பிசகுவது அதனால்தான். அந்த உணர்வைத் திரும்பக் கொண்டுவருவது ஒற்றைக்காலில் நிற்பது, ஆடும் பலகையில் சமநிலை பழகுவது, கெண்டைக்காலையும் அதன் வெளிப்பக்கத் தசையையும் வலுவாக்குவது போன்ற சலிப்பூட்டும் பயிற்சிகள்தான். வலி போன பிறகும் விடாமல் செய். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலில் நின்று பார், நொண்டியடித்துப் பார், சட்டென்று திசை மாற்றி ஓடிப் பார். மற்றக் காலுக்கு இணையாக வந்த பிறகு மைதானத்தில் இறங்கு.

அந்த மாத்திரை டப்பாவைத் திறக்காமல் அணி மருத்துவரிடம் காட்டு. அக்குபங்சர் செய்துகொண்டால் அதையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் மறைக்காமல் சொல். இந்த முறை வீக்கம் எந்தப் பக்கம், பாதத்தை ஊன்றி நடக்க முடிகிறதா என்று நீ எழுதவே இல்லை. ஊன்ற முடியவில்லை என்றால் முதலில் எக்ஸ்ரே எடு, மற்றதெல்லாம் அப்புறம். உடனே பதில் போடு.

அன்புடன்,
அம்மா