பாப்பாவுக்கு, குத்தாலத்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை மட்டும் தினமும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. பின்கட்டு ஓட்டை மாற்றிவிட்டோம். குறுவை அறுத்தாயிற்று, நெல் நனைந்துவிட்டதால் அப்பா ரோட்டோரம் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் வந்துவிட்டுப் போனான். நீ அவனோடு பேசினாயாம். அவனோடு பேச நேரம் இருக்கிறது, சரி, அதுவும் நல்லதுதான்.

போனில் கேட்டால் "சரிம்மா", "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பாதியில் வைத்துவிட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் தனியாக வண்டியில் வராதே. விசாரணைக்குப் போனால் கூட ஒரு ஆளை அழைத்துக்கொண்டு போ.

பக்கத்து வீட்டுச் சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். புதுமைப் பெண் திட்டத்துக்குப் பதிவு பண்ண என்னிடம் ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் முழுப் பெயரைப் படித்துவிட்டு, "மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரா? நம்ம மூவலூரா பெரியம்மா? யாரு அவங்க?" என்று கேட்டாள். தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் மாயவரம் போய் வருகிறாள், பாவம், யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. தெரிந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் நினைப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் பெயரில் திட்டம் நடத்தும் துறையில்தான் நீ வேலை பார்க்கிறாய். உனக்கு அவர் ஒரு கோப்பின் பெயராகத்தான் தெரியும். தாத்தா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்ன வயதில் நீ தூங்கிவிடுவாய்.

எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். 1989ல் கலைஞர் ஆட்சியில் அவர் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது, எட்டாவது படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். அடுத்த வருஷம் என் கல்யாணம். எட்டாவதோடு நின்றவளுக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு ஆகும் என்று டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். தாத்தா அதை எடுத்து, மடிப்பில் கிழிந்திருந்த இடத்தில் பின்பக்கமாகச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பணத்தில்தான் என் தாலி. "படிச்சதுக்குக் குடுக்குறாங்கம்மா, பொண்ணாப் பொறந்ததுக்கு இல்ல" என்று தாத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் பத்தாவது, பட்டப்படிப்பு என்று படிப்பும் பணமும் கூடிக்கொண்டே போய், தாலிக்குத் தங்கமும் சேர்த்தார்கள். 2022ல் கல்யாணத்துக்கு என்பதை மாற்றிப் படிப்புக்கு என்றே ஆக்கிவிட்டார்கள், மாதம் 1,000 ரூபாய். என்னைக் கேட்டால் இதுதான் அந்த அம்மாளுக்குப் பொருத்தம். கல்யாணத்தின் பெயரால் அவர் பட்டது கொஞ்சமா?

1883ல் பிறந்தவர். வீட்டில் வறுமை. அப்பா ஊரைவிட்டே போய்விட்டார். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அந்தப் பிள்ளையை ஒரு தாசி வீட்டில் விற்றுவிட்டார்கள். பால்வாடிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய புடவை நினைவு வந்துவிடும். பணத்தைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். அந்தப் புடவையைக் கையில் வாங்கும்போது அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

அங்கே பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொண்டார். தமிழோடு தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தார். வயது வந்ததும் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாட்டு வாத்தியார் சுயம்புப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். கோயிலில் நெய் விளக்கை முன்னால் வைத்துச் சத்தியம் பண்ணிக்கொண்டதுதான் கல்யாணம். சொந்த சாதியே பகையானது. பொய் வழக்குவரை போட்டுப் பார்த்தார்கள். நீ அன்றைக்கு மண்டபத்துக்கே போய்க் கல்யாணத்தை நிறுத்தினாயே, அந்தப் பத்தாவது படிக்கிற பிள்ளை, அதைப் போல ஒரு பிள்ளைதான் இவரும். இவருக்கு நிறுத்த ஆள் வரவில்லை, இவரே நிறுத்திக்கொண்டார்.

மண்டபத்துச் சங்கதியை நானாக எடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எடுத்துவிட்டேன். சரி. அந்த வீடியோவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ எத்தனை தைரியமாக நின்றாய் என்று மட்டும் பார்த்தேன். பெண்ணின் தாய்மாமன் கையை ஓங்கியபோதுகூட நீ குரலை உயர்த்தவில்லை. "பதினெட்டு ஆகலங்க, சட்டம் இடம் கொடுக்காதுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். அப்பாவும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். அவருக்குப் பெருமை வந்தால் அப்படித்தான், உனக்குத் தெரியாதா.

அதன் கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்களாம். நான் படிக்கவில்லை, அண்ணன் போனை வாங்கிக்கொண்டான். உன் கிராப்பைப் பற்றியும் கல்யாணமாகாததைப் பற்றியும் என்று மட்டும் காதில் விழுந்தது.

முடி என்றதும் தாத்தா சொன்னது நினைவுக்கு வருகிறது. ராமாமிர்தம் அம்மாள் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நாடகம் போட்டார். அந்தத் தொழிலால் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்குமா? ஒருமுறை அவருடைய நீளக் கூந்தலை அறுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்கு அதைவிட அவமானம் ஏது? மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் அந்த வெட்டிய முடியோடே மேடைக்கு வந்தார், அப்புறம் வளர்க்கவே இல்லை. தாத்தா சின்னப் பையனாக அவர் பேச்சைக் கேட்டபோதும் கிராப்தானாம். நீ முடியை வெட்டிக்கொண்டு வந்த தீபாவளிக்கு அத்தை அந்தப் பேச்சுப் பேசினாளே, அன்றைக்குத் தாத்தா வாய்விட்டுச் சிரித்தது இதை நினைத்துத்தான். உனக்கு அப்போது கோபம் வந்தது.

அவருடைய சாமர்த்தியத்தைப் பற்றித் தாத்தா சொன்னால் நாள் பூராவும் கேட்கலாம். ஆந்திரப் பக்கம் காங்கிரஸ் மாநாடு. கொடி ஏந்திப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டுவிட்டான். அம்மாள் கொடியை ஏந்தவில்லை. கொடிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் புடவையாகக் கட்டிக்கொண்டு நேராக உள்ளே நடந்துவிட்டார். ஏந்தக் கூடாது என்றுதானே உத்தரவு! கட்டியிருக்கும் புடவையை எந்தப் போலீஸ் பிடுங்கும்? இன்னொரு சமயம் மேடையில் பேசக் கூடாது என்று தடை. ஒரு கரும்பலகையை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி, சொல்ல வந்ததை எழுதிக் காட்டிவிட்டார். சனம் படித்துப் படித்துக் கைதட்டியிருக்கும். தடையை மீறவும் இல்லை, வந்த காரியத்தை விடவும் இல்லை. இதைச் சொல்லும்போது தாத்தா தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார் பார்.

1936ல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவல் எழுதினார். தாத்தா வைத்திருந்த பிரதியை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் தரவே இல்லை. நான் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பணக்கார மைனர்களிடம் சொத்தைக் கறக்க அந்த வீடுகளில் என்னென்ன தந்திரம் பண்ணுவார்கள் என்று உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. சில இடங்களில் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இத்தனை துக்கத்தைப் பார்த்தவருக்கு இப்படிச் சிரிக்கவைக்க எப்படி மனசு வந்தது என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மற்றது உனக்குப் பாடத்தில் இருந்திருக்கும். 1938ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் 577 மைல், 42 நாள் நடந்தார். அப்போது அவருக்கு 55 வயது, என்னைவிட மூத்தவர். எனக்குப் பால்வாடிக்கு நடந்து போய்வந்தாலே முழங்கால் வீங்குகிறது. அந்த நவம்பரில் மறியல் செய்து சிறைக்குப் போனார். கைக்குழந்தையோடு சிறைக்குப் போன பெண்களும் உண்டு. பெரியாரோடு காங்கிரஸை விட்டு வந்தவர், 1949ல் பெரியாருடைய திருமணம் சரியென்று படாததால் அவரையும் விட்டு அண்ணா பக்கம் வந்தார். தலைவர் என்பதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. 1962ல் காலமானார்.

ஒன்றை மட்டும் உனக்காகவே எழுதுகிறேன். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தது 1927ல். ராமாமிர்தம் அம்மாள் வெளியே ஊர் ஊராகப் பேசி அதற்குத் துணை நின்றார். சட்டம் முழுசாக வந்தது 1947ல். இருபது வருஷம், பாப்பா. அந்த இருபது வருஷமும் எத்தனை கூட்டத்தில் கல் விழுந்திருக்கும், எத்தனை பேர் "இவளே தாசிதானே" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள்? அவர் அதை மறைக்கவில்லை. ஆமாம், அங்கிருந்துதான் வருகிறேன், அதனால்தான் சொல்கிறேன் என்று நின்றார். உனக்கு இந்த வேலையில் மூன்றாவது வருஷம்தான் நடக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. மேலே இருக்கிறவர்கள் உன் பக்கம் நிற்கவில்லை என்று அண்ணன் சொன்னான். அது வலிக்கும். அதை என்னிடம் சொல்லக் கூடாதா? நான் ஐயோ என்று அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்று நினைக்கிறாயா? பன்னிரண்டாவதில் மார்க் குறைந்ததைக்கூட முதலில் என்னிடம்தான் சொன்னாய். சாப்பிடுகிறாயா இல்லையா? அந்த வாட்ச்மேன் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையென்றால் சொல், குக்கர் வாங்கி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். ராத்திரியில் தனியாக வராதே.

நீ ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. இடமாற்றம் கேட்பதானால் கேள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்து ஒரு மாதம் தூங்கு, யாரும் உன்னை எதுவும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன், அத்தையையும் சேர்த்து. வேலையே வேண்டாம் என்று நீ தீர்மானித்தாலும் சோறு போட இந்த வீடு இருக்கிறது. ஆனால் அந்த நாலு பேர் எழுதியதற்காக வேண்டாம். கோபத்தோடு கையெழுத்துப் போடாதே. போடும் முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு, பாதி ராத்திரியானாலும் பண்ணு. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நீ பேசுவதைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாளா? அரசுப் பள்ளிதானே? பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் வரும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவைத்தாயா? மறுபடி எப்போதாவது கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், அதற்குள் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா. பகலில் போ, கூட ஆளோடு போ.