கையெழுத்தை எண்ணினால் போதாது, தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கவுன்சிலர்களின் கூட்ட வருகை பற்றி நீங்கள் வெளியிட்ட பட்டியல் அவசியமான ஒன்று. 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500 என மதிப்பூதியம் போகிறது. மன்றத்துக்கு வந்தாரா என்று கேட்கும் உரிமை ஓட்டுப் போட்டவர்களுக்கு உண்டு. ஆனால் தொடர்ந்து வராவிட்டால் பதவி பறிபோகும் என்பதற்காகவே இடையில் ஒருமுறை வந்து, கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் அதுவும் வருகைதான்.

கவுன்சிலரின் வேலை தெரிவது கூட்டத்தில் எடுக்கும் பொருள்களின் பட்டியலான அஜெண்டாவில். "குடிநீர் மோட்டார் பழுதை அவசர அவசியம் கருதிச் சரிசெய்ய முன் அனுமதி வழங்கப்பட்டது; மன்றத்தின் பதிவுக்கு" என்பது போன்ற பொருள்கள் அதில் வரும். வேலை முடிந்தபின் மன்றத்திடம் வாங்கும் ஒப்புதல் இது. மோட்டார் எரிந்தால் மாதக் கூட்டம்வரை தெருவைத் தண்ணீரில்லாமல் விட முடியாது என்பது நியாயம்தான். அதனாலேயே இங்கே கேள்வி கூடுதலாக வேண்டும். என்றைக்குப் பழுதானது, மதிப்பீடு எவ்வளவு, பொது நிதியா மானியமா, இதே மோட்டாருக்கு இதற்கு முன் எப்போது பில் போட்டார்கள்? அஜெண்டாவைப் படித்துவிட்டு வருகிறவரால்தான் இதைக் கேட்க முடியும். யாரும் படிக்காத மன்றத்தில் 'ஆல் பாஸ்' சொல்லி, மொத்தப் பொருளும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எதிர்ப்பிலும் இதே கோளாறு. சத்தம் போட்டு வெளிநடப்பு செய்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும். பொருள் எண்ணைக் குறிப்பிட்டு, காரணத்தை எழுத்தில் கொடுத்து, பதிவு செய்யச் சொல்லாவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக" என்றே ஏறிவிடும். பின்னாளில் தணிக்கையிலோ கோர்ட்டிலோ நிற்பது அந்த எழுத்துதான்.

உங்கள் நிருபர்களும் வாசகர்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் இவற்றைக் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். "எங்கள் வார்டு கவுன்சிலர் ஏன் பேசவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். தேதி வரம்பு போட்டு, வருகைப் பதிவேடு, அஜெண்டா, தீர்மானப் புத்தகம், உறுப்பினர்கள் எழுத்தில் கொடுத்த கேள்விகள், எதிர்ப்புகள் ஆகியவற்றின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

வார்டு வேலைகளைப் பேசும் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடும் பகுதி சபையும் கூடிய தேதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வார்டு குழுவுக்குத் தலைவரே கவுன்சிலர்தான். அது கூடவில்லை என்றால் கமிஷனர் மேல் பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, வருகைக்குப் பக்கத்தில் எழுத்தில் கேட்ட கேள்விகள், பதிவான எதிர்ப்புகள், வார்டு குழு கூடிய தேதிகள் என மூன்று கட்டம் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்