தேதி மட்டும் சொல்லுங்கள்: ஆராய்ச்சி நிதிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் துறைக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டு நிதி வந்துவிட்டது என்று நினைத்து ஆய்வகமே கைடு மேசையைச் சுற்றி நின்றது. அது இல்லை. 2025 மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட ஷிமோன் சகாகுச்சியின் ஆராய்ச்சி வாழ்க்கை பற்றி அரைநாள் கருத்தரங்கு நடத்தி, இளைஞர்களுக்கு ஊக்கமூட்ட வேண்டுமாம். பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எட்டு மாதமாக ஃபெல்லோஷிப் உதவித்தொகை வராதவள் ஊக்கமூட்டப் போகிறேன்.

சரி என்று உட்கார்ந்து படித்தேன். டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் முதிர்வது தைமஸ் சுரப்பியில். பிறந்து மூன்றாம் நாள் சுண்டெலியிடமிருந்து அதை எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறைய வேண்டும். நடந்ததோ தலைகீழ்: உடல் தன் உறுப்புகளையே தாக்கியது. நல்ல எலியின் டி செல்களைச் செலுத்தினால் அந்த நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களிலேயே மற்றவற்றை அடக்கி வைக்கும் ஒரு கூட்டம் இருக்க வேண்டும் என்றார் சகாகுச்சி. 'அடக்கும் செல்' என்றாலே மற்றவர்கள் முகம் சுளித்த காலம் அது. 1985-இல் ஒரு கட்டுரை. அந்தச் செல்களைச் சிடி25 என்ற அடையாளத்தோடு பிரித்துக் காட்டியது 1995-இல். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் மார்க்கி அறக்கட்டளை அவரைப் பல ஆண்டுகள் தாங்கியது. எலித் தீனிக்கு அவர் யாரிடமும் கடன் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

நாங்கள் சொன்னோம். என் வேலை முடக்குவாதத்தில் இதே செல்கள் எப்படிக் குறைகின்றன என்று எண்ணுவது. அந்த மூட்டு நோயை வரவழைக்க 24 எலிகளுக்குக் கொலாஜன் ஊசி போட்டேன். 21-ஆம் நாள் இரண்டாம் ஊசி. அதற்கடுத்த வாரம் பாதங்கள் சிவந்து வீங்கத் தொடங்கின. தினமும் காலிப்பரில் அளந்தேன். கடைசி நாட்களில் தண்ணீர்க் குழாயை எட்ட முன்னங்காலை ஊன்ற முடியாமல் சில எலிகள் வயிற்றால் நகர்ந்தன. அந்தச் செல்களை அடையாளம் கண்டு எண்ண ஆன்டிபாடி ஒரே ஒரு குப்பி போதும். பழைய பாக்கி தீராமல் தர முடியாது என்று சப்ளையர் சொல்லிவிட்டார். செல்களை உறையவைத்துப் பிறகு பார்த்திருக்கலாமே என்பீர்கள். திரவ நைட்ரஜன்காரருக்கும் பாக்கி. வலியில் துடிக்கும் விலங்கைக் காத்திருக்க வைக்க விதி இடம் தராது, தரவும் கூடாது. 42-ஆம் நாள் 24-ஐயும் கொன்றேன். நோட்டில் வீக்கத்தின் அளவு இருக்கிறது. செல் எண்ணிக்கைக்கான கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன.

எனக்கு வேண்டியது சலுகை இல்லை. நிதி எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள், அந்தத் தேதியைப் பார்த்து முதல் ஊசியைப் போடுகிறேன்.

யூசி, அதாவது முதல் ஆண்டுப் பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், சரியில்லை என்கிறீர்கள். மூன்று முறை அனுப்பிவிட்டோம், ஒவ்வொரு முறையும் படிவம் மாறியிருந்தது. எலித் தீனிக்கு அதில் தலைப்பு இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "பூச்சி, எலி ஒழிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதில் போட முடியுமா?" என்றார் ஒருவர். கேலி செய்யவில்லை, உதவத்தான் நினைத்தார். இதற்கு நடுவில் கருத்தரங்கு பேனர், சால்வை, நினைவுப் பரிசுக்கான தொகை மட்டும் கடிதம் வந்த மறுநாளே வந்து சேர்ந்தது. பணம் அனுப்பும் வழி உங்களுக்குத் தெரியும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஃபெல்லோஷிப்பை மாதம் 37,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது 31 வயதில் மெஸ் பில்லுக்கு அப்பாவைக் கேட்கிறேன். அவர் ஓய்வு பெற்ற நடத்துநர். ஓய்வூதியம் முதல் தேதியில் வந்துவிடுகிறது.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையிலும் கோப்புகள் குவிந்திருக்கும் என்று தெரியும். நிலுவை ஃபெல்லோஷிப்பும் இரண்டாம் ஆண்டு நிதியும் எந்தத் தேதியில் வரும் என்று ஒரு வரி எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தள்ளிப்போகும் தேதியானாலும் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கருத்தரங்கு. உங்களில் யாராவது வந்தால், முடிந்ததும் அனிமல் ஹவுஸையும் காட்டுகிறேன். அடுத்த தொகுதிக் குட்டிகளுக்கு ஏழு வாரம் ஆகப் போகிறது, முதல் ஊசி போடும் வயது நெருங்குகிறது.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி